இடது கை செட்டிங்

இம்மானுவேல் தம்பி சொன்ன பொண்ணு நீங்கதானா? உக்காருங்கம்மா. அந்தப் பக்கம் வேணாம், ஏசி தண்ணி சொட்டும். இப்படி வாங்க. எங்க வீட்டுக்காரர் பிசியோதெரபிக்கு உள்ள போய் அஞ்சு நிமிஷந்தான் ஆச்சு. கைய நீட்டு, கால மடக்குன்னு இன்னும் முக்கால் மணி நேரம் ஆகும். அதுவரைக்கும் எனக்கும் வேற வேலை இல்ல.

உங்க அண்ணனா? பைக்குலயா? எந்தக் கை? ம்... வலது கைதான். இங்க வர்ற எல்லாருக்கும் வலது கைதான். பேச்சு இருக்குல்ல? அப்ப நீங்க கொடுத்து வச்சவங்கம்மா.

கம்ப்யூட்டர்ல பழைய கேம் போட செட்டிங் வேணும்னு கேட்டீங்களாம். இந்தாங்க, நோட்டு. நாப்பது பக்க நோட்டுல முப்பத்தொரு பக்கம் எழுதியிருக்கேன். போட்டோ எடுத்துக்கங்க, ஒண்ணுமில்ல. ஆனா அத மட்டும் எடுத்துக்கிட்டுப் போனா பிரயோஜனம் கிடையாது. எங்க வீட்டுக் கம்ப்யூட்டருக்கு ஒத்து வந்தது உங்க வீட்டுதுக்கு ஒத்து வராது. அதனால முதல்லேருந்து சொல்லிடறேன். நான் ரொம்பப் பேசற ஆளு இல்ல. சுருக்கமாத்தான் சொல்வேன்.

என் பேரு திலகவதி. இங்க ஒரு பாலிடெக்னிக்ல ஆபீஸ் சூப்பரண்டன்ட். இவரு அதே காலேஜ்ல ஸ்டோர் கீப்பர். என் கீழதான். இவரு வருகைப் பதிவேட்டுல கையெழுத்துப் போட்டா அதுக்குக் கீழ நான் சுழிப்பேன். சிரிக்காதீங்க, எல்லாரும் சிரிக்கிறாங்க. வீட்டுக்காரர்னு ஒரு நாள் கூட சலுகை காட்டினதில்ல. ரெண்டு நிமிஷம் லேட்டுன்னா லேட்டுதான்.

போன வருஷம் ஆடி மாசம். ஸ்டோர்ல டிராயிங் ஷீட்டு கட்டு பிரிச்சுக்கிட்டு இருந்தவரு அப்படியே சாஞ்சுட்டாரு. ஸ்ட்ரோக்கு. வலது கை, வலது கால், பேச்சு, மூணும் ஒரே நாள்ல போச்சு. ஐம்பத்தோரு வயசும்மா. சுகர் கிடையாது, குடி கிடையாது, சிகரெட் கிடையாது. அதெல்லாம் நான் விட்டுவச்சதே இல்ல.

ஆஸ்பத்திரியிலேருந்து வரும்போது ஒரே ஒரு வார்த்தைதான் மிச்சம் இருந்துச்சு. "சரி." பசிக்குதான்னா சரி. வலிக்குதான்னா சரி. நான் யாருன்னு கேட்டாலும் சரி. இப்படி சிலருக்கு ஒத்த வார்த்தை மட்டும் தங்கிடும்னு டாக்டர் சொன்னாரு. எது தங்கும்னு யாருக்கும் தெரியாதாம். எனக்கு அதிசயமா இல்ல. கல்யாணம் ஆன நாள்லேருந்து இவரு என்கிட்ட அந்த ஒரு வார்த்தையத்தான் அதிகமாச் சொல்லியிருக்காரு.

நான் சும்மா உக்காரலம்மா. ஃப்ரிட்ஜ் மேல டைம்டேபிள் ஒட்டினேன். ஆறு மணிக்கு பந்து அமுக்கறது. ஆறரைக்கு கால் பயிற்சி. ஏழு மணிக்கு படம் போட்ட அட்டை. பசு, வீடு, குடை, ஒண்ணொண்ணாக் காட்டி நான் சொல்லுவேன், அவரு சொல்லணும். "பசு." "சரி." "குடை." "சரி." நூத்துப் பன்னெண்டு அட்டை. பங்குனி வரைக்கும் ஒரு நாள் விடாம காட்டினேன். பந்தக் கையில வச்சா வச்சபடியே இருப்பாரு, எடுத்தா எடுத்தபடி. சொன்னதெல்லாம் செய்வாரு, ஆனா செய்யறது அவரு இல்ல. புரியுதா? பொம்மைக்குச் சாவி கொடுத்த மாதிரி.

அப்பத்தான் இங்க பயிற்சி கொடுக்கற இந்த இம்மானுவேல் தம்பி ஒரு நாள் கேட்டாரு. "ஆன்ட்டி, சாருக்கு என்ன பிடிக்கும்? அவரா ஆசப்பட்டு செய்யற மாதிரி ஏதாவது சொல்லுங்க. பாட்டு, சீட்டாட்டம், எதுவா இருந்தாலும் பரவால்ல."

நான் யோசிச்சேன். "அவருக்குன்னு அப்படி ஒண்ணும் கிடையாது தம்பி"ன்னேன். உண்மையாத்தான் சொன்னேன்.

அன்னிக்குப் புனேல இருக்கிற என் பொண்ணு நிவேதா போன் பண்ணா. தம்பி கேட்டதச் சொன்னதும், "அம்மா, அப்பா கேம் கடை வச்சிருந்தாரேம்மா"ன்னா.

ஆமா. வச்சிருந்தாரு. தென்னூர் பக்கம், மாடியில ஒரு ரூம். நாலு டிவி, நாலு பிளேஸ்டேஷன். காலேஜ் முடிஞ்சு வர்றவங்க மணிக்கணக்கா உக்காந்து ஆடுவாங்க. எட்டு வருஷம் நடத்தினாரு. ஒரு பொண்ணு பெரியவளாகப் போற வீட்டுல அப்பா என்ன பண்றாருன்னு கேட்டா, வீடியோ கேம் ஆட விடறாருன்னு சொல்ல முடியுமா? நீங்களே சொல்லுங்க. எங்க காலேஜ்ல ஸ்டோர் கீப்பர் போஸ்ட் காலியாச்சு. பிரின்சிபால்கிட்ட நான்தான் கேட்டேன். இவர்கிட்ட ரெண்டு மாசம் சொல்லிப் பார்த்தேன், பாக்கலாம், பாக்கலாம்னே இருந்தாரு. இவரு பழனிக்கு ஒரு கல்யாணத்துக்குப் போயிருந்தப்ப நான் ஆளக் கூப்பிட்டு டிவி, மிஷின், சேர் எல்லாத்தையும் ஒரே நாள்ல எடுத்துட்டுப் போகச் சொல்லிட்டேன். வந்து கதவத் திறந்து பார்த்தாரு. சுவத்துல டிவி மாட்டின ஆணி மட்டும் இருந்துச்சு. என்னத் திரும்பிப் பார்த்து "சரி"ன்னாரு. அவ்வளவுதான். திங்கக்கிழமை காலேஜுக்கு வந்துட்டாரு. ஒரு சண்டை கிடையாது. அவருக்கே அது நல்லதுன்னு பட்டிருக்கும்.

நிவேதா சொன்னதுக்காக பரண்ல ஏறிப் பார்த்தேன், பழைய சீடி ஏதாவது இருக்குமான்னு. கொசுவலைக்கு அடியில ஒரு மூட்டை. பிரிச்சா, பிளேஸ்டேஷன். கூட ஒரே ஒரு டிஸ்க். அதுவும் எதுல சுத்தி வச்சிருந்தாரு தெரியுமா? கடை வாசல்ல தொங்கின பேனர்ல. எழுத்தெல்லாம் மடிப்புல உதிர்ந்து போயிருந்துச்சு.

நாலு மிஷின்னு சொன்னவரு, அஞ்சாவது ஒண்ணு வச்சிருந்திருக்காரு. நான் அத எடுத்துட்டு வந்து அவரு மடியில வச்சேன். "இத ஏன் என்கிட்ட மறைச்சீங்க?"ன்னு கேட்டேன்.

"சரி"ன்னாரு. இடது கையால அதோட மூடியத் தடவினாரு. எட்டு மாசத்துல அவரா கைய நீட்டி ஒண்ணத் தொட்டது அன்னிக்குத்தான். இதையெல்லாம் நான் அப்புறந்தான் யோசிச்சேன். அப்ப எனக்குக் கோவம்.

டிவியில மாட்டினேன். லைட் எரியுது, டிஸ்க் சுத்துது, ஒண்ணும் வரல. சிங்காரத்தோப்புல சந்துக்குள்ள ஜமால் பாய்னு ஒருத்தர் இத ரிப்பேர் பண்ணுவார்னு சொன்னாங்க. எடுத்துட்டுப் போனேன். பையிலேருந்து வெளிய எடுக்கறதுக்குள்ள அவரு, "இது கருணா அண்ணன் மிஷினாச்சே"ன்னாரு.

இவரு பேரு கருணாகரன். "உங்களுக்கு எப்படித் தெரியும்?"னு கேட்டேன்.

"இந்த மூலையில சூட்டுத் தழும்பு இருக்கு பாருங்க, அது என் சால்டரிங் பட்டது. மூணு தடவ லென்ஸ் மாத்தியிருக்கேன். கடைசியா போனதுக்கு முந்தின தீபாவளிக்குக் கொண்டு வந்தாரு. இனிமே லென்ஸே கிடைக்காது அண்ணேன்னு சொல்லி அனுப்பிட்டேன். எங்க, ஆளையே காணோம்?"

சொன்னேன். பாய் கையில வச்சிருந்த ஸ்க்ரூ டிரைவரக் கீழ வச்சுட்டாரு. ஸ்டூல இழுத்துப் போட்டு டீ சொன்னாரு. நான் வெளியில டீ குடிக்கிறதில்ல, இருந்தாலும் குடிச்சேன்.

"வீட்டுல நான் இத ஒரு நாள் கூடப் பார்த்ததில்லையே. எங்க வச்சு ஆடுவாரு?"ன்னு கேட்டேன்.

பாய் மிஷினப் பாத்துக்கிட்டே சொன்னாரு. "காலேஜ் ஸ்டோர்லதான் மேடம். லேப்லேருந்து கழிச்சுப் போட்ட டிவி ஒண்ணு இருக்காமே? மத்தியானம் அரை மணி நேரம் ஒரு ரேஸ் போட்டா மனசு லேசாயிடும் ஜமாலுன்னு சொல்வாரு. உங்களப் பத்திக்கூட நிறையச் சொல்லியிருக்காரு."

"என்ன சொன்னாரு?"

"மேடம் ரொம்ப ஸ்ட்ரிக்ட்னு."

நல்லபடியாத்தான் சொல்லியிருக்காரு, அது ஒண்ணுமில்ல. ஆனா மத்தியானம் அரை மணி நேரம்னா என்னன்னு உங்களுக்குப் புரியுதா? அது சாப்பாட்டு நேரம். ஸ்டாஃப் ரூம்ல நான் ரெண்டு டிபன் பாக்ஸையும் திறந்து வச்சுக்கிட்டு உக்காந்திருப்பேன். போன் பண்ணா, "ஸ்டாக் பாத்துக்கிட்டு இருக்கேன், நீ சாப்பிடு"ம்பாரு. பதினாலு வருஷம்மா. பதினாலு வருஷமும் எனக்கு முன்னாடி ஆறிப்போன டிபன் பாக்ஸ் ஒண்ணு இருந்துச்சு. வேலையில இவ்வளவு சிரத்தையா இருக்காரேன்னு நான் பெருமைப்பட்டேன். வருஷாந்திர அறிக்கையில "மிகவும் பொறுப்பானவர்"னு எழுதியிருக்கேன், என் கையால.

சரி, விடுங்க. பாய் சொன்னாரு, "மிஷின் இனிமே ஓடாது மேடம். ஆனா அதுக்குள்ள பயாஸ்னு ஒண்ணு இருக்கு, மிஷின் கண்ணு முழிச்சதும் முதல்ல படிக்கிற பாடம் மாதிரி. அத எடுத்து பென் டிரைவ்ல போட்டுத் தர்றேன். டிஸ்க்கையும் அப்படியே காப்பி எடுத்துத் தர்றேன். எமுலேட்டர்னு ஒரு சாஃப்ட்வேர் இருக்கு, அது சும்மாவே கிடைக்கும். அதப் போட்டா உங்க கம்ப்யூட்டரே இந்த மிஷின் மாதிரி ஓடும். ஆனா செட்டிங் நீங்கதான் உக்காந்து பண்ணணும். ஒரே நாள்ல வராது. பொறுமை வேணும்."

என்கிட்ட பொறுமையப் பத்திச் சொல்றாரு.

இந்த இடத்துலேருந்து நோட்டப் பாருங்க. முதல் பக்கம். முதல் நாள் வெறும் கருப்புத் திரை. பயாஸ் ஃபைல வேற ஃபோல்டர்ல போட்டுட்டேன். ரெண்டாவது நாள் படம் வந்துச்சு, உடனே மூடிக்கிச்சு. மூணாவது நாள் கேம் திறந்துச்சு. ஆனா கார் தண்ணிக்குள்ள போற மாதிரி மெதுவாப் போகுது, பாட்டு இழுத்து இழுத்து ஒப்பாரி மாதிரி கேக்குது. திரை மேல ஓரத்துல ஒரு நம்பர் தெரியும் பாருங்க, கேம் ஓடற வேகம், அது நூறு இருக்கணும். எனக்கு ஐம்பத்தெட்டு. அந்த ஐம்பத்தெட்ட நூறாக்கறதுக்கு எனக்கு அஞ்சு வாரம் ஆச்சும்மா.

நிவேதா காலேஜ் படிச்சப்ப வாங்கின கம்ப்யூட்டர். அதுக்குத் தெம்பு அவ்வளவுதான். யூடியூப்ல தேடினா ஆளாளுக்கு ஒண்ணு சொல்றாங்க. பிரேசில்காரர் ஒருத்தர் போட்டிருந்த வீடியோதான் சரியா இருந்துச்சு. பாஷை ஒரு எழுத்து புரியல. மவுஸ் எங்க போகுது, எதுல டிக் போடறாருன்னு நிறுத்தி நிறுத்திப் பார்த்து எழுதிக்கிட்டேன். ஒம்பதாம் பக்கம். படத்த வரையற முறைன்னு மூணு இருக்கும், ஒண்ணொண்ணா மாத்திப் பாக்கணும். எனக்கு மூணாவது. படத்தோட அளவ ஆசப்பட்டுப் பெருசாக்கிடாதீங்க, பழைய மிஷின்ல இருந்த அளவே போதும். பெருசாக்கினா வானத்துல கோடு கோடா விழும், வேகமும் போயிடும். ஒரே சமயத்துல ரெண்டு செட்டிங்க மாத்தாதீங்க. எது கெடுத்துச்சு, எது சரி பண்ணுச்சுன்னு தெரியாமப் போயிடும். இத சிவப்பு மையில எழுதியிருக்கேன் பாருங்க.

இதுல ஒரு சங்கடம் என்னன்னா, செட்டிங் சரியான்னு பாக்கணும்னா ஆடிப் பாத்தே ஆகணும். அது மலைரோட்டுல கார் ரேஸ். ஊருக்குள்ள நல்லாத்தான் ஓடும், காட்டுக்குள்ள போனாத்தான் நம்பர் இறங்கும். அப்ப காடு வரைக்கும் ஓட்டணும்ல? நான் ஸ்கூட்டியே தெருவத் தாண்டி ஓட்டினதில்ல. முதல் வாரம் சுவத்துல முட்டிக்கிட்டே இருந்தேன். அப்புறம் மெல்ல மெல்ல ஒரு பாலம், ஒரு கோயில் மாதிரி ஒண்ணு, ஒரு சுரங்கம். தினம் மூணு மணிக்குக் காலேஜ்லேருந்து வந்து, இவரப் பக்கத்துச் சேர்ல உக்கார வச்சு, "பாருங்க, உங்களுக்காகத்தான் பண்றேன்"னு சொல்லிட்டு ஆரம்பிப்பேன்.

அதுலயும் தொந்தரவுதான். ஒரு வாரம் போனதும் நான் கூப்பிடறதுக்கு முன்னாடியே இவரா வாக்கரப் பிடிச்சுக்கிட்டு வந்து அந்தச் சேர்ல உக்காந்திருக்க ஆரம்பிச்சுட்டாரு. சொல்லாம கொள்ளாம நடந்தா, விழுந்தா யாரு பாக்கறது? பகல்ல பாத்துக்க வர்ற அம்மாவத் திட்டினேன். "நான் என்ன பண்ணட்டும்மா, ரெண்டரை ஆனா டிவிய அமத்தச் சொல்லிக் கை காட்டறாரு"ன்னா. அப்புறம், நான் ஓட்டும்போது இவரோட இடது கால் வெட்டி வெட்டி இழுக்கும். பயந்துபோய் இம்மானுவேல் தம்பிகிட்ட வந்து சொன்னேன், நல்ல காலும் துடிக்குது தம்பின்னு.

"எப்ப ஆன்ட்டி துடிக்குது?"

"நான் கேம் ஓட்டும்போது. வளைவு வரும்போது."

அந்தத் தம்பி சிரிச்சிடுச்சு. "ஆன்ட்டி, அவரு பிரேக் போடறாரு"ன்னுச்சு. சின்ன வயசு, அனுபவம் பத்தாது. நான் நரம்பு டாக்டர்கிட்ட ஒரு தடவ காமிச்சுட்டு வந்தேன். அவரும் ஒண்ணுமில்லேன்னுட்டாரு.

இருபத்திரெண்டாம் பக்கம் பாருங்க, அதுதான் உங்களுக்கு முக்கியம். எமுலேட்டர்ல ஒரு வசதி, எந்த பட்டன் என்ன வேலை செய்யணும்னு நாமளே மாத்திக்கலாம். சாதாரணமா இடது கைல திருப்பணும், வலது கைல ஆக்ஸிலேட்டர். நான் எல்லாத்தையும் இடது பக்கம் கொண்டு வந்துட்டேன். கட்டை விரல்ல திருப்பறது, முன்னாடி இருக்கிற ரெண்டு பட்டன்ல ஆள்காட்டி விரல் ஆக்ஸிலேட்டர், நடுவிரல் பிரேக். கம்ப்யூட்டருக்குன்னு வாங்கின ஜாய்ஸ்டிக்க ஒத்தைக் கையால பிடிச்சா ஆடும், அதனால சப்பாத்திப் பலகையில ரப்பர் பேண்டு போட்டுக் கட்டி, அடியில தலகாணி வச்சு மடியில வச்சுடணும். நான் என் வலது கைய முந்தானைல முடிஞ்சுக்கிட்டு, இடது கையாலயே மூணு நாள் ஓட்டிப் பார்த்தேன். சரியா வந்ததும் இவரு மடியில வச்சேன்.

என்ன பண்ணாரு தெரியுமா? ஒண்ணும் பண்ணல. அப்படியே பாத்துக்கிட்டு இருந்தாரு. நான் அவரு விரல் மேல என் விரல வச்சு, "இத அமுக்குங்க, இப்பத் திருப்புங்க, இன்னும், இன்னும், அய்யோ பிரேக்கு, பிரேக்கு"ன்னு சொல்லிக்கொடுத்தேன். மூணு நாள். நான் அமுக்கினா கார் போகும், என் கைய எடுத்தா நின்னுடும். "நீங்களா ஓட்டுங்களேன்"னேன். "சரி"ன்னாரு. கார் நின்ன இடத்துலயே நின்னுச்சு.

அன்னிக்கு எனக்கு ஒடம்பு முழுக்கக் களைப்பு. காலேஜ்ல அட்மிஷன் வேலை, வீட்டுல இது, பத்து மாசமா சரியாத் தூங்கல. பொறுக்க மாட்டாம வாய விட்டுட்டேன். "நான் பண்ற எதுவுமே உங்களுக்கு வேணாம். டிபன் பாக்ஸும் வேணாம், பந்தும் வேணாம், இதுவும் வேணாம். பதினாலு வருஷம் ஸ்டாக்கு ஸ்டாக்குன்னு பொய் சொல்லி அந்த இருட்டு ரூம்ல போய் உக்காந்தீங்களே, என்கிட்ட ஒரு வார்த்த சொல்லியிருந்தா நான் என்ன தலையவா வாங்கியிருப்பேன்?"

அவரு என்னையே பாத்தாரு. அப்புறம் "சரி"ன்னாரு. அந்தச் சரி மட்டும் வேற மாதிரி இருந்துச்சும்மா. எப்படின்னா எனக்குச் சொல்லத் தெரியல. நான் எழுந்து போய்க் கம்ப்யூட்டர அமத்திட்டு, பாத்ரூம்ல குழாயத் திறந்து விட்டுக்கிட்டு நின்னேன்.

நாலு நாள் அதத் தொடல. அஞ்சாவது நாள் மூணு மணிக்கு வந்து செருப்பக் கழட்டறேன், இவரு கம்ப்யூட்டர் முன்னாடி உக்காந்திருக்காரு. திரை இருட்டாத்தான் இருக்கு. அவரால போட முடியாதுல்ல, சுவிட்ச் இருக்கிறது மேசைக்கு அடியில, குனியணும். இருட்டையே பாத்துக்கிட்டு உக்காந்திருக்காரு. எனக்கு என்னமோ போல ஆயிடுச்சு. போட்டுவிட்டேன். அவருகிட்டக் கொடுக்கல. திரும்பவும் அந்தப் பாடுபட எனக்குத் தெம்பு இல்ல. பலகைய என் மடியிலேயே வச்சுக்கிட்டு, ஒத்தைக் கையால நான் பாட்டுக்கு ஓட்டினேன். எதுக்கு ஓட்டினேன்னு எனக்கே தெரியாது. செட்டிங் எல்லாம் சரியாயிடுச்சு, நம்பர் நூறுலதான் நிக்குது.

அந்தச் சுரங்கத்தத் தாண்டினதும் ஒரு வளைவு வரும். இருட்டுலேருந்து வெளிச்சத்துக்கு வந்ததும் சட்டுனு இடது பக்கம். என்னால ஒரு நாளும் முடிஞ்சதில்ல. அன்னிக்கும் முட்டினேன். திரும்பப் போட்டேன். முட்டினேன். மறுபடியும். ஒரு பத்துப் பன்னெண்டு தடவ இருக்கும். பக்கத்துல இவரு "ப்ச்"சுங்கறாரு. நான் கண்டுக்கல. இன்னொரு தடவ போறேன், சுரங்கத்துக்குள்ள போறேன், வெளிய வர்றேன்...

தோள்ல ஒரு இடி. நெஜமாவே இடிச்சாரும்மா. இடிச்சுட்டுப் பலகையப் பிடிச்சு இழுத்து, "தள்ளு"ன்னாரு.

தெளிவா. "தள்ளு."

பத்து மாசம். நூத்துப் பன்னெண்டு அட்டை. பசு சொல்லல, வீடு சொல்லல, பெத்த பொண்ணு பேரச் சொல்லல. தண்ணின்னு கேக்கல. எனக்கு வந்தது "தள்ளு". இருபத்தாறு வருஷத்துல அந்த மனுஷன் என்ன எதுத்துப் பேசின முதல் வார்த்தை அதுதான். உங்க வீட்டுல இப்படி ஆனா நீங்க என்ன பண்ணுவீங்க?

நான் தள்ளி உக்காந்தேன். வேற என்ன பண்றது.

உடனே பெரிசா ஓட்டிட்டாருன்னு நெனைக்காதீங்க. என்ன விட மோசமா முட்டினாரு. ரோட்ட விட்டு இறங்கினாரு, பாலத்துல இடிச்சாரு, பின்பக்கமாப் போனாரு. எனக்குக் கையெல்லாம் பரபரங்குது. "பிரேக்கு நடுவிரல்லங்க"ன்னு சொன்னேன், திரும்பிக்கூடப் பாக்கல. அப்புறம் ஒரு தடவ சுரங்கத்துக்குள்ள போனாரு. வெளிய வர்றதுக்கு முன்னாடியே பிரேக் போட்டாரு. இருட்டுக்குள்ளயே. அங்க வளைவு இருக்குன்னு தெரியவே தெரியாத இடத்துல. காரு அப்படியே வழுக்கிக்கிட்டே திரும்பி, நேரா நின்னு, போயிடுச்சு. அதுக்கப்புறம் ஒரு ஏரி வருதும்மா. ரோட்டு ஓரமாவே, பெரிய ஏரி. அஞ்சு வாரம் ஓட்டியிருக்கேன், அப்படி ஒரு ஏரி இருக்கிறதே எனக்குத் தெரியாது.

இவரு முகத்தப் பார்த்தேன். அழல, சிரிக்கல. ஸ்டோர்ல கதவச் சாத்திக்கிட்டு உக்காந்திருந்தப்ப இப்படித்தான் இருந்திருக்கும் போலிருக்கு. அந்த முகத்த நான் பார்த்ததில்ல.

இப்ப ரெண்டு மாசம் ஆச்சு. பதினேழு வார்த்தை வந்திருக்கு. கடைசிப் பக்கத்துல தேதி போட்டு எழுதியிருக்கேன். என்னென்னன்னு பாருங்களேன். தள்ளு. வேணாம். உப்பு. கத்தாத. போதும். அப்புறம் "நான்". பெரும்பாலும் என்னை மறுக்கறதுக்கு வேணுங்கிற வார்த்தைங்கதான். நிவேதாங்கற பேரு இப்பத்தான் பாதி வருது, "நிவே"ன்னு. அவ போன்ல அழுதா. என் பேரு இன்னும் வரல. கூப்பிடணும்னா "ஏய்"ங்கறாரு. வாய் திறக்காம இருந்தப்ப வீடு அமைதியா இருந்துச்சு, இப்ப எதுக்கெடுத்தாலும் ஒரு வேணாம். சோர்வா இருக்கும்மா. வேற யாருகிட்ட போய்ச் சொல்றது இதெல்லாம்?

இன்னொண்ணு சொல்லிடறேன். இருபத்திரெண்டாம் பக்கத்த அப்படியே எடுத்துக்காதீங்க. போன வாரம் காலேஜ்லேருந்து வந்து பாக்கறேன், பட்டன் எல்லாம் மாறியிருக்கு. நான் அஞ்சு வாரம் பாடுபட்டுப் பண்ண செட்டிங்க பாத்துக்க வர்ற அம்மாவக் கம்ப்யூட்டர் போடச் சொல்லி, இவரா மெனுவுக்குள்ள போய் மாத்தி வச்சிருக்காரு. பிரேக்க ஆள்காட்டிக்குக் கொண்டு வந்துட்டாரு. கேட்டா "நான்"ங்கறாரு. அவரு தூங்கற நேரம் பாத்து, அவரு வச்ச புதுச் செட்டிங்லயே ஓட்டிப் பார்த்தேன். சுரங்க வளைவு முதல் தடவையிலேயே வந்துடுச்சு எனக்கு. அவருகிட்ட இன்னும் சொல்லல. சொன்னா தலைக்கு மேல ஏறிக்குவாரு.

மத்தியானச் சாப்பாடா? இப்பவும் டிபன் பாக்ஸ்தான். லீவு நாள்ல கம்ப்யூட்டர் பக்கத்துலேயே வச்சு ஒரு வாய் அவருக்கு, ஒரு வாய் எனக்குன்னு கொடுக்கறேன். கண்ண எடுக்காம வாயத் திறக்கறாரு. சூடாத்தான் சாப்பிடறாரு. அது ஒண்ணு.

கதவு சத்தம் கேக்குதா? முடிஞ்சிடுச்சு போல. அதோ, அந்த நீலச் சட்டை, கைத்தடியோட வர்றாரு பாருங்க, அவருதான். மெதுவா வாங்க, தரை ஈரமா இருக்கு! ஏங்க, இந்தப் பொண்ணோட அண்ணனுக்கும் வலது கைதானாம், நம்ம செட்டிங் கேக்குது, பிரேக்கு எதுல வைக்கணும்னா, ஆள்காட்டி...

இல்ல. நீங்களே கேளுங்கம்மா. பட்டன் விஷயம் என்னை விட அவருக்குத்தான் நல்லாத் தெரியும். மெதுவாக் கேளுங்க. பதில் வர நேரமாகும், நடுவுல எடுத்துக் கொடுத்துடாதீங்க. சில சமயம் ஒரு நிமிஷம் கூட ஆகும். பாத்துக்கிட்டே இருங்க, வரும்.

நான் வாயத் திறக்கல.